மூன்றாம் மாடி சாரும் ஒரு பிணந்தின்னிப் படமும்

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை முதல் தடவை பார்த்தது 2003இல், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய விசிடியில். இரண்டாவது சிடியைப் போடும்போது கரண்ட் போய்விட்டது. மீதியை மறுநாள்தான் பார்த்தேன். போன சனிக்கிழமை ராத்திரி, பிளஸ் டூ படிக்கும் மகளோடு வேளச்சேரி வீட்டில் மறுபடி பார்த்தேன்.

1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 96 நிமிடம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோ தன் கூட்டாளிகளோடு சொற்பக் காசில் எடுத்தது. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். செத்தவர்கள் எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தின்ன வருகிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. படத்தில் 'ஜாம்பி' என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அவர்கள் சொல்லும் 'ghoul' என்ற வார்த்தைக்கு நம்மிடம் பொருத்தமாகவே ஒன்று இருக்கிறது: பிணந்தின்னி. கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்களாவது கூழ் காய்ச்சிக் குடித்தன. இவை பச்சையாகவே தின்கின்றன.

"ஏன்பா இவ்ளோ மெதுவா நடக்குதுங்க? ஓடியே தப்பிச்சிடலாமே" என்றாள் மகள். அரை மணி நேரம் கழித்து அவள் கையில் இருந்த முறுக்கு அப்படியே இருந்தது.

இனி முடிவையும் சொல்லப்போகிறேன். 50 வருஷத்துக்கு மேல் ஆன படம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிணங்களைவிட, உள்ளே நடக்கும் சண்டைதான் படம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து மேலேயே இருக்கலாம் என்கிறான் பென். நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்கிறார் ஹாரி கூப்பர். கூப்பர் சிடுமூஞ்சி, சுயநலக்காரர், கட்டின மனைவிக்கே அவரைப் பிடிக்காது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸோ நின்றாலே நம்பிக்கை வருகிற ஆள். ஒரு கறுப்பின நடிகர் நாயகனாக வருவதே அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். 2003இல் நான் முழுக்க பென் கட்சி.

ஆனால் கடைசியில் பென் உயிர் பிழைப்பது எங்கே? அதே நிலவறையில். இதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை.

இப்போது உறைத்ததற்குக் காரணம் எங்கள் மூன்றாம் மாடி சார். பார்க்கிங்குக்குச் சண்டை, மோட்டாருக்குச் சண்டை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், இருட்டுவதற்குள் நடந்தே மெயின் ரோட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். "ஒருத்தரும் இறங்காதீங்க, மாடியிலேயே இருங்க" என்று அவர் கத்தினார். கத்தியது அவர் என்பதற்காகவே நாங்கள் ஆறு பேர் இறங்கினோம். தெருமுனைக்குள் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. திரும்பி வந்தோம், என் தோளில் இருந்த லேப்டாப் பை திரும்பவில்லை.

அதற்காகக் கூப்பரைத் தியாகி ஆக்கிவிடவும் முடியாது. கடிபட்ட அவர் மகள் படுத்திருப்பது அந்த நிலவறையில்தான். சொன்னபடி பூட்டிக்கொண்டிருந்தாலும் அவர் குடும்பத்துக்கு அதுதான் சமாதி. அந்தப் பெண் கொத்தனார் கரணையை எடுக்கும் காட்சியில் என் மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குறைகள் உண்டு. மாட்டிக்கொண்ட ஏழு பேரில் ஒருத்தியான பார்பரா பாதிப் படத்துக்கு மேல் சோபாவில் வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் ஏதாவது செய்திருக்கலாம். வெள்ளிக் கிரகத்துக்குப் போன விண்கலத்தின் கதிர்வீச்சு என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். காதில் வாங்கத் தேவையில்லை.

கடைசி நிமிடங்கள் மட்டும் இன்றும் தாங்க முடியவில்லை. விடிகிறது, துப்பாக்கிகளோடு ஆட்கள் வருகிறார்கள். ராத்திரி முழுக்கப் பிழைத்துக் கிடந்த பென் ஜன்னலோரம் வருகிறான். பிணந்தின்னி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அப்புறம் வெறும் புகைப்படங்கள், கொக்கி, நெருப்பு.

எந்தப் பிரதியில் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வாசகம் விடுபட்டுப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால் மங்கலான பிரதிகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். வண்ணம் பூசியது வேண்டவே வேண்டாம்.

படம் முடிந்ததும் மகள் எழுந்து போய் பால்கனி தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே மூன்றாம் மாடி சாரின் சத்தம். மோட்டாரை எவன் நிறுத்தாமல் விட்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான்.