கல்லுப்பா, தூளுப்பா, சிவப்பு உப்பா?

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு போத்தல் இளஞ்சிவப்பு உப்புக் கொண்டுவந்தார். "இதில எண்பத்திநாலு கனிமம் இருக்காம், பிரஷருக்கும் நல்லதாம்." ஆச்சி ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆனையிறவு உப்புக்கு ஆரோ சாயம் போட்டிருக்கிறாங்கள்" என்றா.

ஆனையிறவு எங்கள் வடஇலங்கை உப்பளம். ஆச்சி பெரிதாகப் பிழைவிடவில்லை. இமாலய உப்பென்று விற்பது பெரும்பாலும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்துப் பாறையுப்பு, என்றோ வற்றிப்போன கடலின் மிச்சம். நிறம் இரும்புத் துருவின் நிறம். அதிலும் நூற்றுக்கு 95க்கு மேல் சோடியம் குளோரைட்டுத்தான். ஒரு நாள் சமையலுக்குப் போடும் உப்பில் வரும் இரும்பு, ஒரு பிடி முருங்கையிலை வறைக்குக் கிட்டவும் வராது. பிரஷரை ஏற்றுவது சோடியம். அது மூன்று உப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வளர்ந்தவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எந்த நிறத்து உப்புக்கும் பொருந்தும். விலை மட்டும் பல மடங்கு.

உண்மையான போட்டி கல்லுப்புக்கும் தூளுப்புக்கும்தான்.

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். உப்பளப் பாத்தியில் வெயிலுக்கு அது வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகுதான் கறியுப்பு. கடைசியில் மிஞ்சும் நீரில் மக்னீசியம் கூட. அதைச் சரியாக வடிக்காவிட்டால் உப்புக் கைக்கும். மாரிகாலத்தில் எங்கள் உப்புச் சட்டி ஈரம் இழுத்து அழுவதற்கும் அந்த மக்னீசியம்தான் காரணம்.

ஆனையிறவு உப்பு குசினிக்கு மட்டும் போகவில்லை. பக்கத்துப் பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை, உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. ஒன்று சவர்க்காரத்துக்கு உதவும், மற்றது குடிதண்ணீரில் கிருமி கொல்லும். போர் இரண்டு இடத்தையும் முடக்கியது. உப்பளம் திரும்ப இயங்குகிறது.

தூளுப்பின் பலம் அயோடின். "கடல் உப்பில் அது தானாகவே இருக்குமே" என்பார்கள். இல்லை, காய்ந்த உப்பில் தங்கும் அயோடின் மிகக் கொஞ்சம். தைரொயிட் சுரப்பிக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு இன்னும் கூட. குறைந்தால் கழுத்தில் கழலை வரும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும். அதனால்தான் இலங்கையில் 1995இல் சாப்பாட்டு உப்புக்கு அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் உண்டு. ஆகவே கல்லா தூளா என்று பார்ப்பதைவிடப் பைக்கற்றில் 'அயோடின்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கில் அள்ளி விற்பதை நம்ப மாட்டேன். அடுப்புக்கு மேலே திறந்த சட்டியில் வைத்தால் சூடும் ஈரமும் அயோடினைக் குறைத்துவிடும். மூடிய போத்தலே நல்லது, கறிக்குப் போடுவதையும் இறக்கும் நேரத்தில் போடலாம்.

இன்னொரு சங்கடம் கரண்டி. கல்லுப்பில் இடைவெளி கூட, அதனால் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைவிட ஒரு தேக்கரண்டி தூளுப்பு நிறை கூடியது. இது தெரியாமல் பழைய கணக்கில் தூளைப் போட்டு, ஒரு சட்டி சொதியைப் பாழாக்கியிருக்கிறேன்.

ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் என் வாக்குக் கல்லுப்புக்கே. அயோடின் ஊறுகாயைக் கெடுக்கும் என்பது வீண்பயம். ஆனால் கட்டிபடாமல் இருக்கத் தூளில் சேர்க்கும் பொருள் உப்புத்தண்ணியைக் கலங்கவைக்கும்.

சோடியம் குறைத்த உப்பும் இப்போது கிடைக்கிறது. அதில் சோடியம் குளோரைட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டு நிற்கும், நாக்கில் மெல்லிய கைப்பு. பிரஷர்காரருக்கு உதவலாம், சிறுநீரக வருத்தக்காரர் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது.

எங்கள் குசினியில் இப்போது கறிக்குத் தூள், ஊறுகாய்க்குக் கல். சித்தப்பாவின் போத்தலில் அரைவாசி மிச்சம். கால் நோகும் இரவுகளில் ஆச்சி அதைச் சுடுதண்ணிக்குள் போட்டுக் காலை வைத்துக்கொண்டு இருக்கிறா.