குமிழா, தொடுதிரையா, டேப்லெட்டா?

சிறு விமானத்தின் ஜிபிஎஸ்ஸில் ஃப்ளைட் பிளான், அதாவது பறக்க வேண்டிய வழி, ஏற்ற இன்று மூன்று வழிகள் உண்டு. எது வேகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தப்பு நேர்ந்தால் எதில் சட்டென்று கண்ணில் படும் என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1998-ல் வந்த கார்மின் நிறுவனத்தின் ஜிஎன்எஸ் 430 கருவியில் எல்லாமே குமிழ்தான். பெரியதைத் திருகினால் கர்சர் நகரும், சிறியதைத் திருகினால் எழுத்து மாறும். ஒரு பிளானில் 31 வேபாயிண்ட் (வழிப்புள்ளி) வரை போடலாம். ஆனால் ஏர்வேயின், அதாவது பல புள்ளிகளைக் கோத்துப் பெயரிட்ட வான்வழியின், பெயரைச் சொல்லி மொத்தமாக ஏற்ற முடியாது. ஐந்தெழுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருகித் திருகிச் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் கண் பார்த்து உள்ளே போகிறது.

2011-ல் வந்த ஜிடிஎன் 650, 750 தொடுதிரைக் கருவிகள். ஏர்வேயை அப்படியே ஏற்றலாம், வரைபடத்தில் வழிக்கோட்டை விரலால் இழுத்தும் மாற்றலாம். அமைதியான காற்றில் இதற்கு ஈடில்லை. விமானம் குலுங்கும்போதுதான் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழும். நல்லவேளை, இதிலும் ஓர் இரட்டைக் குமிழை விட்டுவைத்திருக்கிறார்கள்.

டேப்லெட்டில் வழியைத் தயாரித்து, ப்ளூடூத் வழியாக அனுப்பினால் சில நொடிகளில் முழு பிளானும் வந்துவிடும். எனக்குப் பயமும் இங்கேதான். அலுங்காமல் வந்து சேர்ந்ததை யாரும் திரும்பப் படிப்பதில்லை. வழிப்புள்ளிகள் அடங்கிய தரவுத்தளம் டேப்லெட்டிலும் உண்டு, விமானத்திலும் உண்டு. டேப்லெட்டினுடையதும் விமானத்தினுடையதும் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஒன்று பழையதாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே நடந்த விபத்து சாட்சி. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்காக போயிங் 757-ன் கணினியில் 'ஆர்' என்று மட்டும் கொடுத்தார்கள். அது பொகோட்டா அருகிலிருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு விமானத்தை இடப்புறம் திருப்பியது. மலையில் மோதி 159 பேர் இறந்தனர். அங்கே கெடுத்தது ஒரே ஓர் எழுத்து.

அப்ரோச்சில், அதாவது தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் வழியில், இந்தப் போட்டியே இல்லை. எந்த வழியானாலும் தரவுத்தளத்திலிருந்து பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஏற்ற வேண்டும். புள்ளி புள்ளியாக நாமே கட்டக் கூடாது.

என் தேர்வு: தரையில் டேப்லெட், ஆனால் எஞ்சின் போடுமுன் ஒவ்வொரு லெக்கின் (இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி) திசையையும் தூரத்தையும் சார்ட்டோடு (வான்வழி வரைபடம்) ஒப்பிட்ட பிறகே. பறக்கும்போது கட்டுப்பாட்டு அறை வழியை மாற்றினால் தொடுதிரை, குலுக்கலில் குமிழ். நாலைந்து புள்ளிகளே உள்ள குறும்பயணத்துக்குப் பழைய 430-ஏ தாராளம்.