கோவில்பட்டியில் மதினிக்கு ஓர் இணையதளம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனால் குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், பேங்க் வேலை, பல் டாக்டர் என்று எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த முறை அதில் இன்னொன்றும் சேர்ந்தது. மதினி வீட்டிலேயே கடலைமிட்டாய் போடும் தொழில் தொடங்கியிருக்கிறார். அதற்கு இணையதளம் வேண்டும், "நீங்க வரும்போது முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஊரில் தொழில் தொடங்கும் சொந்தக்காரர்களுக்கு இப்படி ஓடியாடிக் கொடுப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். தளம் கட்டித் தர ஊரிலேயே கெட்டிக்கார ஆட்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தளம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் நாம் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்பது லேசான காரியம் இல்லை. தலைமுறைகளாகப் பேர் வாங்கிய கடைகள் அங்கே இருக்கின்றன. இந்த ஊர்ப் பொருள் என்பதற்கான சட்ட அடையாளமான புவிசார் குறியீடும் 2020-இல் கிடைத்துவிட்டது. மதினியின் கைப்பக்குவம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாகு பதம் பார்க்க அவருக்கு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் போதும். ஆனால் ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்ததில்தான் சிக்கல். ஒருவர் குரல் பதிவில் முகவரி சொல்வார், இன்னொருவர் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பிவிட்டுப் பேர் சொல்ல மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு மதினி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யார் எத்தனை பாக்கெட் கேட்டார்கள் என்று நோட்டில் எழுதுவதைப் பார்த்தபோது, இந்த வேலைக்கு ஒரு தளம் அவசியம்தான் என்று எனக்கும் பட்டது.

முதலில் பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டோம். இருபத்தைந்தாயிரம் ரூபாய், அதற்கப்புறம் வருஷா வருஷம் பன்னிரண்டாயிரம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக மூவாயிரம் போட்டிருந்தார்கள். இந்தச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது, தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு பட்டனைத் தட்டினால் போட்டுவிடும். அதைக்கூட விட்டுவிடலாம். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகும் என்று கேட்டேன். "எங்க அக்கவுண்ட்லதான் சார் இருக்கும், எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தான்" என்றார் அந்த நிறுவனத்துக்காரர். அப்படியானால் வேண்டாம் என்று மதினியே எழுந்துவிட்டார்.

அவர் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு தளம் போட்டுக் கொடுத்தவர், தன் நிறுவனத்தை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போனையும் எடுப்பதில்லை. புதுப்பிக்கும் தேதி தாண்டியதும் தளம் நின்றுவிட்டது. பைகளில் எல்லாம் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தார்கள். டொமைன் பதிவு செய்யும் நிறுவனத்திடம் கேட்டால், கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறதோ அவர்கள்தான் கேட்க முடியும் என்று சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிங்கப்பூரில் டாட் எஸ்ஜி பெயர் வாங்கினால் அதற்குப் பொறுப்பானவர் சிங்பாஸ் என்ற அரசு அடையாளக் கணக்கு வழியாக உள்ளே போய் உறுதிசெய்தாக வேண்டும். அதனால் அங்கே அந்தப் பெயருக்குப் பொறுப்பாக ஓர் ஆள் கண்டிப்பாக இருப்பார். இங்கே அந்தக் கவனத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பியைப் பிடித்தோம். பகலில் பிள்ளைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறார், மற்ற நேரத்தில் இந்த வேலை. ஒன்பதாயிரம் கேட்டார், நான் பேரம் பேசவில்லை. என்னை "அண்ணாச்சி" என்றும் மதினியை "அக்கா" என்றும் கூப்பிட்டு, முதல் நாளே மதினியின் போனில், மதினியின் பெயரில் ஒரு ஜிமெயில் திறக்க வைத்தார். அந்த மின்னஞ்சலில் டாட் இன் பெயர் வாங்கினோம். பணம் மதினியின் ஜிபேயிலிருந்தே போனது. ஹோஸ்டிங்கும் அதே மாதிரி. என் சிங்கப்பூர் நம்பரையும் என் கார்டையும் எங்குமே கொடுக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நான் கிளம்பிப் போன பிறகு ஓடிபி என் போனுக்கு வந்துகொண்டிருந்தால், அந்த நிறுவனத்துக்காரர் கையில் இருப்பதற்கும் என் கையில் இருப்பதற்கும் மதினிக்கு என்ன வித்தியாசம்?

தளம் கட்டியது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், கடைப் பகுதிக்கு அதோடு சேரும் வூகாமர்ஸ். தம்பி வேலையில் சுறுசுறுப்பு. ஒரு நாள் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். லேபிள் அடித்துக் கொடுத்த அச்சகத்திலிருந்து தமிழ் வாசகங்களை வாங்கித் தளத்தில் ஒட்டியிருக்கிறார், திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வந்தன. காரணம் பாமினி எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் சின்ன அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள்தான் இன்னும் ஓடுகின்றன. மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனால் இருந்தது இரண்டு பக்கம்தான் என்பதால் நானும் தம்பியும் உட்கார்ந்து புதிதாகவே அடித்துவிட்டோம். அடிக்கும்போது 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்ற பெயரையும் புவிசார் குறியீட்டு முத்திரையையும் தம்பி பெரிதாக மேலே போட்டார். அதை எடுக்கச் சொன்னேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டால் அந்தக் குறியீட்டை உரிமையோடு போடலாம். மதினி இனிமேல்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைக்கு அவர் கடைப் பெயர் மட்டும் நிற்கிறது.

படம் எடுக்க ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரர் வந்தார். விளக்கு, குடை எல்லாம் கொண்டுவந்தவர், கடைசியில் காலை வெயில் சாய்வாக விழும் வாசல் திண்ணையில் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து எடுத்த படங்கள்தான் தேறின. பாகின் மினுமினுப்பும் கடலையின் தோல் உரித்த வெள்ளையும் அதில் அப்படியே தெரிகின்றன. படங்கள் ஒவ்வொன்றும் ஏழெட்டு எம்பி. அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைவான கிராமத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. ஒவ்வொன்றையும் 150 கேபிக்குள் சுருக்கித்தான் தம்பி ஏற்றினார். இதைச் செய்யாத தளங்கள் ஊரில் ஏராளம்.

காகித வேலைக்கு வருவோம். சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு ஆதாரையும் பான் நம்பரையும் வைத்து ஆன்லைனில் செய்வது, அரசு கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் பக்கங்கள், அவை ஆயிரம் இரண்டாயிரம் கேட்கின்றன. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் வேண்டும், சிறு தயாரிப்பாளர்களுக்கு வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். அதில் வரும் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், தளத்திலும் போட்டோம். இந்த இரண்டு சான்றிதழையும் வைத்து பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் திறந்தது சிரமமில்லாமல் முடிந்தது. கவுண்டரில் இருந்த அம்மா மதினியிடம் மிட்டாய் விலை கேட்டு அங்கேயே நாலு பாக்கெட் ஆர்டரும் கொடுத்தார்.

தளத்திலேயே பணம் வாங்கித் தரும் சேவையான பேமெண்ட் கேட்வேதான் இழுத்தது. தளத்தில் தொடர்பு முகவரி, டெலிவரி விவரம், பணம் திருப்பித் தரும் முறை, தனியுரிமை என்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தால்தான் அனுமதிக்கிறார்கள். வேறு கடையின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது இங்கே சகஜம். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. உடைந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று அவரே யோசித்துச் சொன்னதை எழுதினோம். கார்டு மூலம் வரும் பணத்தில் கேட்வே பொதுவாக இரண்டு சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்துக்கொள்ளும். மிட்டாயில் கிடைக்கும் லாபத்துக்கு அது பெரிய தொகை, விலை போடும்போதே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு ஒரு பாக்கெட் விற்றாலும் பதிவு வேண்டும். பெங்களூருக்கும் அனுப்பலாம் என்று சொல்லித்தான் பலர் தளம் போடுகிறார்கள், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் முதலில் தமிழ்நாட்டு முகவரிகளை மட்டும் ஏற்கும்படி வைக்கச் சொன்னேன். தம்பி பின்கோடு தொடக்கத்தை வைத்து வடிகட்டினார். அது போதாது. 605-இல் விழுப்புரமும் வரும், புதுச்சேரியும் வரும். 609-இல் மயிலாடுதுறையும் வரும், காரைக்காலும் வரும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு அனுப்பினாலும் வெளி மாநிலக் கணக்குதான். கடைசியில் முகவரியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தமிழ்நாட்டை மட்டும் விட்டு மற்றதை நீக்கினார், பின்கோடும் மாநிலமும் பொருந்துகிறதா என்று மதினி பார்சல் கட்டும்போது ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்.

நான் கிளம்புவதற்கு முன் தம்பியை உட்கார வைத்து, விலை மாற்றுவது, சரக்கு இல்லை என்று போடுவது, ஆர்டரைப் பார்ப்பது மூன்றையும் மதினிக்குப் போனிலேயே கற்றுக் கொடுக்கச் சொன்னேன். தம்பிக்கென்று தனி லாகின், மதினிக்கு முழு உரிமையுள்ள லாகின். பாஸ்வேர்டுகள் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் இருக்கின்றன, டொமைன் புதுப்பிக்கும் தேதி சமையலறைக் காலண்டரில் இருக்கிறது. முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும்போது கூடும் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஆர்டர் வருகிறது, பெரும்பாலும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும். பெங்களூரில் இருக்கும் எங்கள் உறவுகள் தங்களுக்கு ஏன் அனுப்பவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். மதினி ஆடிட்டரைப் பார்த்துவிட்டார், தீபாவளிக்கு முன் ஜிஎஸ்டி எண் வாங்கிவிடலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறாராம்.