கோர்க் வோல்கா கீஸ்: ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆகாது, டெபெஷ் மோட் புரியணும்னா இது போதும்

முதல்லயே சொல்லிடறேன், கல்யாண மேடையில வாசிக்க கீபோர்டு தேடறவங்க இதோட மூடிட்டு போயிடலாம், கோர்க் கம்பெனியோட வோல்கா கீஸ்ங்கிற இந்த சின்ன சிந்தசைசர் (மின்சாரத்துலயே சத்தத்த உருவாக்கற கருவி) உங்களுக்கான சாமான் இல்ல. தபேலா வராது, வயலின் வராது, ஆட்டோ ரிதம் கிடையாது, கீயே நிஜ கீ இல்ல, 27 கட்டம் போட்ட டச் தகடு தான், விரல் வெச்சா சத்தம் வரும் எடுத்தா நிக்கும், ஓங்கி அடிச்சாலும் மெல்ல தொட்டாலும் ஒரே வால்யூம். எங்க கிருஷ்ணகிரி பக்கம் ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட காட்டினேன், கையில வாங்கி முன்ன பின்ன திருப்பி பாத்துட்டு "ஏன் தம்பி, இதுல ஸ்ட்ரிங்ஸ் எந்த பட்டன்?"னாரு. அது இல்லண்ணான்னேன். "அப்புறம் எதுக்குடா இத்தன காசு குடுத்த?"ன்னு கேட்டுட்டு டீ குடிக்க போயிட்டாரு.

நியாயமான கேள்வி தான். ஆனா அதுக்கு பதில் சொல்லணும்னா, சிந்தசைசர வெச்சே பாட்டு போட்டு பேர் வாங்கின இங்கிலாந்து பேண்டு டெபெஷ் மோட் கதைய சொல்லாம முடியாது. நான் அந்த பேண்டோட வெறியன், அத மறைக்கல, அதுக்கு தகுந்த மாதிரி என் மார்க்க குறைச்சுக்கோங்க.

கதை அந்த பசங்ககிட்ட ஆரம்பிக்கல, டேனியல் மில்லர்னு லண்டன்காரர் ஒருத்தர்கிட்ட ஆரம்பிக்குது. சினிமா எடிட்டிங் வேலை பாத்துட்டு இருந்த ஆளு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கோர்க் 700எஸ் சிந்தசைசரும் ஒரு நாலு ட்ராக் டேப் மெஷினும் வாங்கி, வீட்லயே உக்காந்து ரெண்டு பாட்டு ரெக்கார்ட் பண்ணி, 1978ல தி நார்மல்னு பேர் வெச்சு தானே ஒரு சிங்கிள் வெளியிட்டாரு. அதுக்காக போட்ட லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி பேரு தான் மியூட். இங்க தான் நம்ம டப்பா உள்ள வருது: வோல்கா கீஸ்ல இருக்கிற ஃபில்டர் (சத்தத்த வடிகட்டி அதோட குணத்த மாத்தற பகுதி) 1974ல வந்த அதே 700எஸ்ஸோட டயோட் ரிங் டிசைன பாத்து செஞ்சது. பேப்பர்ல படிக்க பெருசா தெரியாது. அட்டாக்க (சத்தம் எழும்பற நேரம்) ஜீரோல வெச்சு, சஸ்டெயினையும் (விரல் வெச்சிருக்கிற வரைக்கும் நிக்கிற அளவு) ஜீரோ பண்ணி, டிகேய (சத்தம் அடங்கற நேரம்) மட்டும் கால்வாசி திறந்து, கட்டாஃப (ஃபில்டர் வெட்டற இடம்) நல்லா இறக்கிட்டு பீக் குமிழ (வெட்டற இடத்த தூக்கி காட்டறது) கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கீழ் சுரத்துல ஒரு விரல் வைங்க. சும்மா "டொய்ங்"னு ஒரு ரப்பர் கலந்த உலோக சத்தம் வரும் பாருங்க, மியூட்டோட ஆரம்பகால ரெக்கார்ட் கேட்டவங்களுக்கு எங்கயோ கேட்ட சத்தமாச்சேன்னு தோணும்.

இப்ப பசங்க. லண்டனுக்கு கிழக்க எஸ்ஸெக்ஸ்ல பாசில்டன்னு ஒரு ஊரு, ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் திட்டம் போட்டு கட்டின புது டவுன். வின்ஸ் கிளார்க், ஆண்டி ஃப்ளெட்சர், மார்ட்டின் கோர் மூணு பேரும் சேந்து, பாடறதுக்கு டேவ் கஹானையும் இழுத்து போட்டு 1980ல டெபெஷ் மோட் ஆனாங்க. ஃப்ளெட்சர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேல, கோர் பேங்க்ல வேல, சாயங்காலம் ஆனா பாட்டு. கிதார விட்டுட்டு சின்ன சின்ன சிந்தசைசர் வாங்கினாங்க, எல்லாமே மோனோ, அதாவது ஒரு நேரத்துல ஒரு சுரம் தான் வரும், காரும் இல்ல வேனும் இல்ல, கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரயில்லயே கச்சேரிக்கு போவாங்களாம். ஆம்ப் வேண்டாம் டிரம் செட் வேண்டாம்னா அது ஒரு சவுகரியம் தானே. 1980 கடைசில கிழக்கு லண்டன்ல பிரிட்ஜ் ஹவுஸ்னு ஒரு பப்ல ஃபேட் கேட்ஜெட்ங்கிற பாடகரோட கச்சேரிக்கு முன்னாடி வாசிச்சாங்க, பீர் கிரேட் மேல கீபோர்ட வெச்சு. அங்க தான் மில்லர் இவங்கள பாத்து மயங்கினாரு.

அப்புறம் நடந்தது தான் எனக்கு இந்த பேண்டு வரலாறுலயே ரொம்ப பிடிச்ச விஷயம். பெரிய கம்பெனிங்களும் இவங்கள கேட்டு வந்தாங்க, ஆனா பசங்க மில்லரோட கை குலுக்கிட்டு மியூட்ல சேந்தாங்க. எழுத்துல ஒப்பந்தமே கிடையாது, செலவு போக வர்ற லாபத்துல ஆளுக்கு பாதி, வாய் வார்த்தை, அவ்வளவு தான். நம்ம ஊர் மாங்காய் மண்டியில துண்டுக்கு அடியில கைய விட்டு விலை பேசி முடிப்பாங்க இல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்த வார்த்தைய நம்பி வருஷக்கணக்கா ஓட்டினாங்கன்னு நெனச்சா, இன்னிக்கி ஒரு யூட்யூப் பாட்டுக்கே பத்து பக்கம் அக்ரிமென்ட் நீட்டறவங்கள பாத்தா சிரிப்பு வருது.

1981 பிப்ரவரில முதல் சிங்கிள், பிரிட்டிஷ் சார்ட்டுல 57வது இடம் வரைக்கும் தான் போச்சு. ரெண்டாவது 11. செப்டம்பர்ல வந்த மூணாவது தான் ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப், 8வது இடம். அடுத்த மாசமே ஸ்பீக் அண்ட் ஸ்பெல் ஆல்பம், டாப் 10க்குள்ள. ரெக்கார்ட் பண்ணது பிளாக்விங்னு ஒரு ஸ்டுடியோ, அது ஒரு காலத்துல சர்ச்சா இருந்த கட்டடம். மில்லர் தன்னோட ஆர்ப் 2600 சிந்தசைசர எடுத்துட்டு வந்து நிறைய சத்தத்த அதுலயே செஞ்சு குடுத்தாரு. இந்த ஆல்பத்த ஹெட்போன்ல கேட்டீங்கன்னா கார்டுன்னு (பல சுரத்த ஒண்ணா சேத்து அமுக்கறது) கனமா எதுவும் இருக்காது, ஒரு லைன் கீழ ஓடும், இன்னொரு லைன் அது விட்ட இடைவெளியில பூந்து வரும், மூணாவது மேல ஒரு டியூன் போடும், ஒவ்வொண்ணையும் தனியா எடுத்தா ஒத்த விரல்ல குழந்த கூட வாசிச்சிடும். எல்லாம் சேரும்போது தான் பாட்டு.

வோல்கா கீஸ்ல இத செஞ்சு பாக்கறது தான் முழு சுகமே. வாய்ஸ் குமிழ யூனிசன்ல வெச்சா மூணு ஆஸிலேட்டரும் (சத்தத்த உண்டாக்கற பகுதி) ஒரே சுரத்துல சேந்து பேசும், ரெக்கார்ட் அமுக்கி பேஸ் லைன் ஒண்ணு உள்ள விடுங்க, அது லூப்ல சுத்தும். ஃப்ளக்ஸ் மோட ஆன் பண்ணாதீங்க, ஆன் பண்ணா நீங்க தொட்ட டைமிங் அப்படியே பதிவாகும், ஆஃப்ல இருந்தா ஸ்டெப்புக்கு ஸ்டெப் இழுத்து பிடிச்சு நேரா உக்காரும், அந்த விறைப்பு தான் 1981 சத்தம். அத போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு அதுக்கு மேல அடுத்த லைன், அப்புறம் அடுத்தது. பாலி மோட்ல மூணு சுரம் சேத்து வாசிக்கலாம் தான், ஆனா மூணுக்கும் சேத்து ஒரே ஃபில்டர், ஒரே என்வலப் (மேல சொன்ன அட்டாக், டிகே, சஸ்டெயின் செட்டிங்), பெரிய பெரிய கார்டெல்லாம் கேக்காதீங்க. இந்த குறை தான் உங்கள ஒத்த லைன் ஒத்த லைனா யோசிக்க வைக்கும். ஃப்ரீ ஆப்ல இதவிட நூறு சத்தம் கிடைக்குதேம்பீங்க, கிடைக்குது, அந்த நூறையும் தட்டி பாத்துட்டே ராத்திரி போயிடும், பாட்டு ஒண்ணும் முடியாது.

சரி கதைக்கு வருவோம். ஆல்பம் ஹிட்டாகி கை தட்டல் அடங்கறதுக்குள்ள, அந்த வருஷ கடைசிலயே வின்ஸ் கிளார்க் கழண்டுகிட்டாரு. சிங்கிள் மொத்தமும் எழுதினது அவரு! அதே பாசில்டன்ல இருந்து வந்த ஆலிசன் மோயேவோட சேந்து யாஸூன்னு ஒரு பேண்டு ஆரம்பிச்சு 1982ல ஓன்லி யூ போட்டு 2வது இடத்துக்கு போயிட்டாரு, பின்னாடி இரேஷர்னு இன்னொரு பேண்டு, எல்லாமே மியூட்ல தான், சண்ட போட்டு லேபிள மாத்தல. இந்தப்பக்கம் முதல் ஆல்பத்துல ரெண்டே ரெண்டு டிராக் எழுதியிருந்த மார்ட்டின் கோர் தலையில எல்லாம் விழுந்துச்சு. அவர் எழுதின முதல் சிங்கிள் சீ யூ 6வது இடம், அதாவது வின்ஸ் இருந்தப்பவும் தொடாத இடம். ஆனா அந்த இரண்டாவது ஆல்பம் எனக்கு ஒட்டவே இல்ல, பாதி பாட்டுக்கு மேல தூக்கம் வருது. பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆள் எடுத்தாங்க, 21 வயசுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்க, 22 வயசு ஆலன் வைல்டர் வயச குறைச்சு சொல்லி உள்ள வந்தாரு. அவர் முறையா பியானோ படிச்சவரு, அடுத்த பத்து வருஷ சத்தத்துக்கு பாதி காரணம் அவர்னு நான் சொல்லுவேன், அடிக்க வராதீங்க.

1983ல சாம்ப்ளிங் பக்கம் தாவினாங்க. கட்டட வேல நடக்கிற இடத்துல போய் இரும்பையும் தகடையும் தட்டி சத்தம் எடுத்து அத பாட்டுல போட்டாங்க, பெர்லின்ல சுவருக்கு பக்கத்துல ஹான்சா ஸ்டுடியோவுல மிக்ஸ். இங்க வோல்கா கீஸ் கைய விரிச்சிடும், இதுல சாம்ப்ளிங் கிடையாது, அந்த காலகட்டம் வேணும்னா வேற டப்பா பாருங்க. 1984ல பீப்பிள் ஆர் பீப்பிள் ஜெர்மனியில நம்பர் 1, அடுத்த வருஷம் அமெரிக்காவுல 13. அப்புறம் 1988 ஜூன் 18, கலிஃபோர்னியா பாசடினாவுல ரோஸ் போல் ஸ்டேடியம், அப்ப போன உலக டூரோட 101வது கச்சேரி, 60,000 பேருக்கு மேல கூட்டம். பீர் கிரேட்ல ஆரம்பிச்சு எட்டு வருஷம் கூட ஆகல.

ஆர்கெஸ்ட்ரா அண்ணனுக்கு நான் இத சொல்லியிருக்கணும்: 1990ல உலகம் பூரா ஓடின என்ஜாய் தி சைலன்ஸ் பாட்ட கோர் முதல்ல கொண்டு வந்தது ஆர்மோனியம் வெச்சு மெதுவா பாடின டெமோவா தான். வைல்டர் தான் இத வேகமாக்கி பீட் போடலாம்னாரு, கோருக்கு ஆரம்பத்துல அது பிடிக்கவே இல்ல. அந்த பாட்டு வந்த வயலேட்டர் ஆல்பம் இன்னிக்கும் புதுசா கேக்குது.

அதுக்கப்புறம் நடந்தத வேகமா சொல்லிடறேன். 1995ல வைல்டர் பேண்ட விட்டு விலகிட்டாரு, 1996ல போதைமருந்தால கஹான் சாவ தொட்டுட்டு திரும்பினாரு, 1997ல அல்ட்ரா ஆல்பம். மில்லர் 2002ல மியூட்ட இஎம்ஐங்கிற பெரிய ரெக்கார்ட் கம்பெனிக்கு வித்தாரு, பேண்டும் பின்னாடி பெரிய கம்பெனி பக்கம் போயிடுச்சு, அதனால இப்ப இண்டி (பெரிய கம்பெனி சாராத) பேண்டுன்னு சொன்னா கொஞ்சம் ஓவர் தான். 2022 மே மாசம் ஃப்ளெட்சர் 60 வயசுல இறந்துட்டாரு. மிச்சம் ரெண்டு பேரா 2023ல மெமென்டோ மோரி ஆல்பம் போட்டாங்க, கேளுங்க, நல்லாருக்கு.

இனி பொருளோட லௌகீகம். கிருஷ்ணகிரி ரவுண்டானா சுத்தி எந்த கடையில கேட்டாலும் "பிள்ளைங்க கத்துக்கிற கீபோர்டு இருக்கு, தரட்டா"ன்னு தான் வரும், ஓசூர்லயும் அதே கதை தான், பெங்களூரு போங்க இல்ல ஆன்லைன். நான் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். ஆறு பென்சில் பேட்டரியில ஓடும், உள்ளயே சின்ன ஸ்பீக்கர் இருக்கு, மாசாந்திர பராமரிப்புன்னு காலையில கரன்ட எடுத்துட்டு சாயங்காலம் குடுக்கிற நாள்ல இத மாதிரி துணை கிடையாது. பேட்டரியிலயே ஓட்டினா காசு கரையும், அடாப்டர் தனியா வாங்கணும், அங்க ஒரு எச்சரிக்கை: 9 வோல்ட் தானேன்னு கிதார் பெடல் அடாப்டர சொருகப் பாக்காதீங்க, பெடல்ல நடுவுல மைனஸ், இதுல நடுவுல ப்ளஸ், பின் சைஸும் வேற.

பெரிய குறை, நீங்க குமிழ திருகி செஞ்ச டோன இது சேவ் பண்ணாது. நோட்டு வரிசை எட்டு வரைக்கும் ஞாபகம் வெச்சுக்கும், ஆனா டோன் குமிழ் எங்க நிக்குதோ அது தான். நல்ல சத்தம் வந்தா உடனே போன்ல போட்டோ எடுத்துடுங்க, வீட்ல வாண்டுங்க இருந்தா ரெண்டு போட்டோவா எடுங்க. அனலாக் சாமான்ங்கறதால சூட்டுக்கு ட்யூன் கொஞ்சம் நகரும், நம்ம சித்திரை வெயில்ல ஆன் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுட்டு செல்ஃப் ட்யூனிங் போட்டுட்டு வாசிங்க. அவுட்புட் மோனோ, அதாவது ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் தான், ஸ்டீரியோ எதிர்பாத்து வாங்காதீங்க.

என் மார்க்கு, சிந்த் பாப் எப்படி கட்டறாங்கன்னு கத்துக்க 5க்கு 4. பொதுவா ஒரு கீபோர்டா பாத்தா 5க்கு 2, அதுவும் டிசைனுக்காக. பழசு எடுக்கறவங்க 27 கட்டத்தையும் ஒண்ணு விடாம தொட்டு பாருங்க, ஒவ்வொரு குமிழையும் முழுசா திருப்பி கரகரக்குதான்னு கேளுங்க, மறக்காம பேட்டரி மூடிய திறந்து ஸ்பிரிங்ல பச்சையா பூத்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.