அகச்சிவப்புப் படம்: ஒகேனக்கலுக்கு ஃபில்டர், மாந்தோப்புக்கு மாற்றிய கேமரா

அகச்சிவப்புப் படம் எடுக்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டரை மாட்டினால் போதுமா, இல்லை கேமராவையே பிரித்து மாற்ற வேண்டுமா? இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒகேனக்கலுக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு பதில், காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக்குக் கிளம்புகிறவருக்கு வேறு பதில்.

காரணம் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடுகிறது; அதற்கு மேலே இருப்பதுதான் அகச்சிவப்பு. கேமராவில் படம் பதியும் சிலிக்கான் சென்சார் சுமார் 1100 வரை உணரும். அந்த அகச்சிவப்பு ஒளி உள்ளே வந்தால் நிறம் கெடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்தே விற்கிறார்கள். ஹோயா ஆர்72 போன்ற ஃபில்டர் 720-க்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதியை மறிக்கிறது. உள்ளே இருக்கும் கண்ணாடி அதற்கு மேலே இருப்பதை மறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே கசிந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தில்தான் படம் விழ வேண்டும். மாற்றிய கேமராவில் அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அகச்சிவப்பு ஃபில்டரைப் பொருத்தியிருப்பார்கள்.

நல்ல வெயிலில், லென்ஸின் துளை எஃப்/8, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்று வைத்து எடுத்தால், ஃபில்டர் மாட்டிய என் கேமராவுக்கு 20 விநாடி தேவைப்படுகிறது. மாற்றிய கேமராவுக்கு 1/125 விநாடி போதும். மற்ற வித்தியாசமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மாந்தோப்பில் இந்த 20 விநாடி பெரிய தொந்தரவு. அகச்சிவப்பில் மாமரம் பார்க்க அவ்வளவு அழகு. இலையின் உள்ளே இருக்கும் செல் அடுக்குகளும் காற்றிடைவெளிகளும் அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் பச்சை முழுவதும் வெள்ளையாகிறது. 1910-இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்ட ராபர்ட் உட் என்ற இயற்பியலாளரின் பெயரால் இதை உட் விளைவு என்கிறார்கள். கண்ணுக்குச் செம்பு நிறமாகத் தெரியும் கொழுந்தும் கரும்பச்சை முற்றிய இலையும் படத்தில் ஏறக்குறைய ஒரே வெள்ளை. அடிமரம் மட்டும் சாம்பல் நிறத்தில் தனியாக நிற்கும். ஆனால் காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் நேரத்திலும் கிளை நுனி அசைந்துகொண்டுதான் இருக்கிறது. 20 விநாடியில் அந்த இலைகளெல்லாம் சேர்ந்து பஞ்சுப் பொதி மாதிரி ஆகிவிடும். நரம்பு தெரிகிற இலை வேண்டுமென்றால் மாற்றிய கேமராதான், வேறு வழி இல்லை.

ஒகேனக்கலில் கதையே தலைகீழ். பாறை அசையாது. அருவி நீர் 20 விநாடியில் பாலாக இறங்குகிறது. தேங்கி நிற்கும் தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிக் கறுத்துவிடும், நீல வானமும் இருண்டுவிடும், மேகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். மாற்றிய கேமராவில் இதே நீர்வழிவு வேண்டுமென்றால் மேலே வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டரையும் மாட்ட வேண்டியிருக்கும். பரிசலை எடுக்க மட்டும் ஃபில்டரை நம்பாதீர்கள். 20 விநாடியில் பரிசல் ஒரு சாம்பல் கோடாகத்தான் மிஞ்சும்.

வேலை செய்யும் முறையிலும் வித்தியாசம் உண்டு. இந்த ஃபில்டர் ஏறக்குறைய கறுப்புக் கண்ணாடி. ட்ரைபாடில் வைத்து, காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் அதை மாட்ட வேண்டும். அகச்சிவப்பின் ஃபோகஸ் கொஞ்சம் தள்ளி விழும். பழைய லென்ஸ்களில் அதற்கென்றே ஒரு சிவப்புக் குறி இருக்கும். அந்தக் குறி இல்லாத லென்ஸில் எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த கேமரா) என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை மூடிவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் அந்த வழியாகவும் வெளிச்சம் புகும். மாற்றிய கேமராவில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. மிரர்லெஸ் (அந்த ஆடி இல்லாத கேமரா) என்றால் சென்சாரே ஃபோகஸ் பார்த்துக்கொள்ளும், கையில் பிடித்தே எடுக்கலாம்.

சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். இரண்டு வழியிலும் இந்தச் சிக்கல் வரும். துளையைச் சிறிதாக்க ஆக்க அதிகமாகும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை வெயில் படும் புல்லைக் காட்டி வைத்து, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுப்பது இரண்டுக்குமே நல்லது.

செலவைப் பார்த்தால் ஃபில்டர்தான் மலிவு, கழற்றினால் கேமரா பழையபடி ஆகிவிடும். மாற்றிய கேமராவில் சாதாரணக் கல்யாணப் படம் இனி எடுக்க முடியாது. என் கேமரா மாற்றி வந்தபோது கண்ணாடிக்கு உள்ளே ஒரு தூசி சிக்கியிருந்தது. எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி. திரும்ப அனுப்பித்தான் சரிசெய்தேன். இதற்காக வீட்டிலேயே பிரிக்காதீர்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவின் மின்தேக்கியில், பேட்டரியைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

ஃபில்டர் வாங்கும் முன் டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ரிமோட் முனை பளிச்சென்று விழுந்தால் தடுப்புக் கண்ணாடி கொஞ்சம் தாராளம், ஃபில்டர் வழி எளிதாக இருக்கும். மங்கலாகக்கூடத் தெரியவில்லையா? அந்தக் கேமராவில் எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில் போகும். ஒரு பழைய கேமராவைத் தேடி மாற்றக் கொடுப்பதே மேல்.