கிரீன் ஸ்ட்ரீட்: இந்தக் கூட்டத்தில் யார் யார் இல்லை?

2005இல் வந்த ‘கிரீன் ஸ்ட்ரீட்’ படத்தை ஹட்டனில் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். லண்டனின் வெஸ்ட் ஹாம் உதைபந்தாட்டக் கழகத்துக்காக அடிதடியில் இறங்கும் ரசிகர்களின் கதை. சண்டைக் காட்சிகள் நெஞ்சைப் பதற வைக்கின்றன. இயக்கியவர் லெக்சி அலெக்சாண்டர் என்ற பெண் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் கதையில் பெண் என்று சொல்ல ஷெனன் ஒருத்திதான். கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பதும், கணவன் மறுபடி சண்டைக்குப் போய்விடுவானோ என்று பயப்படுவதும்தான் அவளுக்கு வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் மேட்ச் என்றால், மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு அக்காமார் கோட்டோரம் வந்து நின்றுவிடுவார்கள். நடுவரை அவர்கள் ஏசுவது லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

கறுப்பின மக்கள் விஷயம் இன்னும் வலிக்கிறது. 1972லேயே கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், அடே கோக்கர் என்று மூன்று கறுப்பின வீரர்களை ஒரே ஆட்டத்தில் இறக்கிய கழகம் வெஸ்ட் ஹாம். அதன் நிஜமான அடிதடிக் கும்பலில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் காஸ் பெனன்ட். ஜமெய்க்கத் தாய்க்குப் பிறந்து, வெள்ளையர் வீட்டில் வளர்ந்தவர். இந்தப் படத்தின் முக்கிய பாத்திரங்களோ எல்லாம் வெள்ளை இளைஞர்கள். தோட்டத்துச் சனங்களைத் திரையில் பின்னணியாக மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு இது ரொம்பவே உறுத்தியது.

காஸின் வாழ்க்கையை 2008இல் ‘காஸ்’ என்று தனிப்படமாகவே எடுத்தார்கள். நொன்சோ அனோசி நடித்திருக்கிறார். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அதையே போடுங்கள். இரண்டிலும் இரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.