வெள்ளவத்தையில் ஒரு வன்னி அரிசிக் கடை

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. கடைக்குப் பெயர் இல்லை. மஞ்சள் பலகையில் ‘வன்னி அரிசி உண்டு’ என்று மட்டும் கையால் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கார் நிறுத்தும் அளவு இடம். ஏழெட்டுச் சாக்கு, ஒரு தராசு, சுவரில் ஒரு கரும்பலகை. எட்டு மாதமாக எங்கள் வீட்டுக்கு அரிசி இங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கரும்பலகைக்காகத்தான் முதலில் உள்ளே போனேன். நான் கணக்கு வேலை பார்ப்பவள், எண்களைக் கண்டால் நின்று வாசிப்பேன். எந்த ஊர் நெல், கமக்காரருக்கு என்ன விலை கொடுத்தது, ஆலைக்கு எவ்வளவு, லொறிக்கு எவ்வளவு, விற்பது எவ்வளவு என்று ஐந்து வரி. போன முறை மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லினத்துக்குக் கிலோ 150 ரூபாய் என்றிருந்தது. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ நெல் போகும், ஆக நெல்லுக்கே 225. அவித்துக் குற்ற 40, லொறி 20. விற்கும் விலை 320. மிஞ்சுகிற 35 ரூபாயில்தான் கடை வாடகை, சேதாரம், கடைக்கார ஐயாவின் சீவியம் எல்லாம். இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

320 கூடிய விலைதான். 2024 டிசம்பரில் அரசாங்கம் ‘நாடு’ என்ற அரிசி வகைக்குப் போட்ட உச்ச சில்லறை விலை கிலோ 230. நான் ஏன் 90 ரூபாய் கூடக் கொடுக்கிறேன் என்று வீட்டில் கேட்டார்கள். ருசி ஒரு காரணம், அதை அப்புறம் சொல்கிறேன். பெரிய காரணம் எங்கள் அப்பா.

அப்பாவுக்கு வன்னியில் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். விதைப்புக் காலம் வந்தால் அம்மாவின் சங்கிலியும் காப்பும் கிளிநொச்சியில் அடைவுக்குப் போகும். உழவுக் கூலி, விதைநெல், உரம், மருந்து எல்லாம் அந்தக் காசில்தான். அரிவு வெட்டு முடிந்ததும் மீட்க வேண்டும். வெட்டு மெஷின்காரனுக்கும் வரம்பில் வைத்தே கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் நெல் காயும் வரை எங்கள் வீடு ஒரு நாளும் பொறுத்ததில்லை. மெஷினிலிருந்து நெல் கொட்டும் இடத்துக்கே வியாபாரி லொறியோடு வந்து நிற்பார். ஈரநெல், ஈரவிலை. அதற்கு மேல் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் மூடைக்கு 2 கிலோ கழிவு. சின்ன வயதில் நான் கொப்பியும் பேனையுமாக வரம்பில் இருந்து மூடை எண்ணியிருக்கிறேன். 70 மூடைக்கு 140 கிலோ, முழுதாக இரண்டு மூடை நெல், கழிவு என்ற சொல்லிலேயே போய்விடும். அப்பா ஒரு தரம் வாதாடிப் பார்த்தார். வியாபாரி ஒன்றும் பேசாமல் லொறியை எடுக்கப் போனார். அப்பாதான் பின்னால் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

2025 பெப்ரவரியில் ‘நாடு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று உத்தரவாத விலை வந்தது. ஆனால் அது காய்ந்த நெல்லுக்கு. 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. அப்பா அந்த முறை காலபோகத்து, அதாவது மாரிப் பருவத்து, நெல்லை ஈரத்தோடு 92 ரூபாய்க்குக் கொடுத்தார். ஏ9 வீதி ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருப்பதை யாழ்ப்பாணம் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் காயவைக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும், மழை வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதல் அத்தனை நாளும் கடன்காரன் வாசலில் வந்து நிற்கக்கூடாது.

இதை ஐயாவிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் அரிசி அளந்துகொண்டே, “பிள்ளை, ரெண்டு கிழமை பொறுத்தா நெல்லு காஞ்சிடும். அந்த ரெண்டு கிழமைக்குத்தான் சனத்திட்ட காசில்லை” என்றார். அவர் செய்வது இவ்வளவுதான்: பயிர் கதிர் தள்ளாமல் குடலைப் பருவத்தில் நிற்கும்போதே பாதிக் காசைக் கொடுத்துவிடுகிறார். மீதி, நெல் காய்ந்து தராசில் ஏறிய அன்றே. கழிவு கிடையாது. பன்னிரண்டு குடும்பத்திடம்தான் எடுக்கிறாராம், அதற்கு மேல் அவரிடம் முதல் இல்லை.

அந்த முற்பணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021ஐக் கண்டவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது எங்கள் விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளாக நின்றது. வழக்கமாக 70 மூடைக்கு மேல் வரும் வயலில் 32 மூடை. அம்மாவின் காப்பு அந்த முறை அடைவில் மூழ்கியது. அம்மா இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை, கையைப் பார்க்கும்போது எனக்குத்தான் மனம் பொறுக்காது.

சரி, அரிசிக்கு வருகிறேன். மொட்டைக்கறுப்பன் சிவப்புப் புழுங்கல், தவிடு போகாமல் குற்றியது. ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து, நாற்பது நிமிடம் அவிய வேண்டும். அவசரத்துக்கு ஆகாது. வடித்த கஞ்சி இளஞ்சிவப்பாக இருக்கும், உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டால் என் மகன் கோப்பையோடு காத்திருப்பான். சோறு விரலில் ஒட்டாது, ஆனால் சொதியை இழுத்துக்கொள்ளும். கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் இதைவிட நல்ல சோறு கொழும்பில் நான் சாப்பிடவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டால் மத்தியானம் வரை பசிக்காது.

குறை உண்டு. கல் இருக்கிறது. அவர் கொடுக்கும் ஆலை சின்னது, கல் பிரிக்கும் மெஷின் இல்லை. அம்மாவிடமிருந்து அரிக்கஞ்சட்டியைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, விடிய வெள்ளவத்தையில் போய் எடுத்து வந்தேன். உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி அது. தண்ணீர் விட்டுச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் அரிசி தண்ணீரோடு மற்றப் பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் தங்கும். ஒரு சுண்டு அரிசிக்கு மூன்று நாலு கல் வருகிறது. கொழும்பு வீடுகளில் எத்தனை பேரிடம் இந்தச் சட்டி இருக்கும்? ஐயா இதைத் திருத்தத்தான் வேண்டும். மருந்து போடாததால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் வண்டும் பிடிக்கும். 5 கிலோவுக்கு மேல் ஒரே தரத்தில் வாங்காதீர்கள், உள்ளே நாலைந்து செத்தல் மிளகாய் போட்டு மூடி வையுங்கள்.

மற்றச் சாமான்களில் ஒடியல் மா நன்று, நல்லெண்ணெய் மிக நன்று. சின்ன வெங்காயம் வேண்டாம், புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மலிவு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எங்கள் அலுவலகத்தைத் துப்பரவு செய்யும் அக்கா கிராண்ட்பாஸிலிருந்து வருகிறார், வீட்டில் ஆறு பேர். ஒரு பொதி கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்ல அரிசி தங்கச்சி, ஆனா எங்களுக்குக் கட்டாது” என்றார். உண்மை. வன்னிக் கமக்காரருக்கு நியாயமான விலை கிடைக்கும் அரிசியைக் கொழும்புக் கூலித் தொழிலாளி வாங்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கஷ்டப்பட்ட சனம். ஒரு சின்னக் கடையால் இதைத் தீர்க்க முடியாது, அந்தக் கடையிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. வாங்க வசதியுள்ள எங்களைப் போன்றவர்கள் வாங்கலாம். வாங்க வேண்டும் என்றே சொல்வேன்.

கடை பின்னேரம் நாலு மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு முழு நாள். அட்டை எடுப்பதில்லை, காசு கொண்டுபோங்கள். பையும் கொண்டுபோங்கள், பொலித்தீன் தரமாட்டார். மொட்டைக்கறுப்பன் ஐப்பசியோடு முடிந்துவிடும், புது நெல் மாசிக்குப் பிறகுதான். ஐயாவின் கொப்பியில் பெயர் எழுதி வைத்தால் சுமை வந்ததும் அழைப்பார். எங்கள் அப்பாவின் பெயரும் இந்த முறை அந்தக் கொப்பியில் இருக்கிறது, வாங்குபவர்களின் பக்கத்தில் இல்லை, மற்றப் பக்கத்தில், பதின்மூன்றாவதாக.